நானூறு கிராம்

அந்தத் தாளை நகலெடுத்துக் கொடுத்தவன் நான்தான்.
ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள்.
'கூட வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால்
உங்கள் வேலை எப்படி?'
ஃபரோ தீவின் வடகோடியில் ஒரு மீன் ஆலை.
கணக்கறைக் காகிதத்திலும் மீன்வாடை.

முப்பத்தொரு பேர்.
இருபத்தாறு பேர் எட்டோ அதற்கு மேலோ.
நான்கு பேர் ஏழு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
சராசரிக்குக் கீழே ஆளே இல்லை
ரன்வாவைத் தவிர.
அவள் நான்கைச் சுற்றி வட்டமிட்டு
அதை அழித்து
மூன்றைச் சுற்றியிருந்தாள்.

துரோண்டுர் பத்து.
பேனா தாளையே கிழித்திருந்தது.
பொய்யில்லை அது.
பொய் சொல்கிறவன் ஒன்பது போடுவான்.

வேலை ஒன்றும் பெரிதில்லை.
காட் மீனின் முதுகுச் சதையை அறுத்து
பெட்டிக்கு நானூறு கிராம் வைக்க வேண்டும்.
மேசைக்கொரு தராசு உண்டு.
மூன்று வருடத்தில் ஒவ்வொன்றின் தட்டிலும்
காபிக் கோப்பை ஏறி உட்கார்ந்துகொண்டது.
'என் கைக்குத் தெரியும்' என்பாள் யோஹில்ட்,
கையை விரித்துக் காட்டியே சொல்வாள்,
அதில் எடை எழுதியிருப்பதுபோல.

ரன்வா நிறுப்பாள்.
கூடினால் சீவி, குறைந்தால் சேர்த்து,
மறுபடி நிறுப்பாள்.
பெட்டியை மூடிய பிறகும் ஒருமுறை.
மணிக்கு அறுபது பெட்டி.
துரோண்டுருக்குத் தொண்ணூறு.

மேலாளர் ஹானுஸ் கெட்டவர் இல்லை.
'அவளே மூன்று என்கிறாள்,
நான் எப்படி மறுக்க?' என்றார்.
மேலாளர்களுக்குத் தாள் கிடையாது.
பிப்ரவரியில் அவளைத்
தொட்டி கழுவும் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.
துரோண்டுர் மேற்பார்வையாளன் ஆனான்.
கேக் வெட்டினோம்.
அதையும் அவன் கண்ணளவில்தான் வெட்டினான்.

ஏப்ரலில் ஆல்போர்க்கிலிருந்து
ஒரு கொள்கலன் திரும்பி வந்தது.
முன்னூற்று எழுபது.
முன்னூற்று ஐம்பத்தைந்து.
நானூற்று நாற்பது.
மறுபடி முன்னூற்று எழுபது.

கூட்டம் போட்டார்கள்.
ஒவ்வொருவரும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார்கள்.
வழியில் ஈரம் வற்றியிருக்கும் என்றாள் யோஹில்ட்.
ஆல்போர்க்காரன் தராசு சரியில்லை என்றான் துரோண்டுர்.
அவன் குரல் நடுங்கியது,
பழி சுமத்தப்பட்டவனின் நிஜமான நடுக்கம்.
திரும்பி நின்றபோது
ஏப்ரன் முடிச்சுக்கு மேலே, முதுகில்,
ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.
முப்பது பேரும் பார்த்தோம்.
ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பிய பெட்டிகளில் கொஞ்சம் ஜனவரிச் சரக்கு.
ஒன்பதாம் மேசை முத்திரை குத்தியவை:
நானூறு, நானூற்றொன்று, நானூறு.
கொட்டகைக்குப் போய் ரன்வாவிடம் சொன்னேன்.
குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டாள்.
'அந்தத் தராசு நல்ல தராசு' என்றாள்.
இன்னொரு தொட்டியை இழுத்துக்கொண்டாள்.

என் தாளையும் சொல்லிவிடுகிறேன்.
ஏழு.
மற்றவர்களின் எட்டுகளையும் ஒன்பதுகளையும்
பார்த்துச் சிரித்துவிட்டுப் போட்ட
அடக்கமான ஏழு.
இந்த ஆலையில் தன்னைத் தெரிந்தவன்
நான் ஒருவன்தான் என்று
அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்,
மழையில், சந்தோஷமாக.

எடை குறைகிறது என்ற முதல் கடிதம்
நவம்பரிலேயே வந்துவிட்டது.
'இதர' என்ற கோப்பில் அதைப் போட்டது யார் என்று
இதுவரை எவரும் கேட்கவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்தபின்
யாருடையதென்று பாராமல்
ஒரு மேசையிலிருந்து கோப்பையை எடுத்தேன்.
தட்டில் பழுப்பு வளையம். துடைத்தேன்.
விசையைப் போட்டேன்.
காலித் தட்டு, பன்னிரண்டு கிராம் என்றது.
அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.
பன்னிரண்டு.